சமக்குறிக்கு அப்புறம்

வாய்மொழித் தேர்வுக்கு உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவீர்கள் என்று துறை அலுவலகத்தில் கேட்டார்கள். நாலைந்து பேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் என் கணவர் மதார் வேன் பேசி முடித்திருக்கிறார். எங்கள் மேலப்பாளையத்தில் யாராவது ஹஜ்ஜுக்குப் புறப்பட்டால் வழியனுப்பப் பிடிப்போமே, அந்த வேன். என் நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டு பாத்து மாமி, யாரென்று எனக்கே சரியாகத் தெரியாத ஒரு பெரியவர், எல்லாருக்கும் அதில் இடம் இருந்தது. இது கல்யாணம் இல்லை மச்சான், பரீட்சை என்றேன். பரீட்சை என்றால் என்ன, நாங்கள் சத்தம் போடாமல் இருப்போம் என்றார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நம் பக்கத்தில் பாதி பரீட்சை, மீதி விசேஷம். ஆய்வேடு முன்பே வெளியூர்த் தேர்வாளர்களுக்குப் போய், நல்ல அறிக்கை வந்த பிறகுதான் தேதி குறிப்பார்கள். அன்று வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து முன்வரிசையில் உட்காருவார். பட்டம் வாங்கப்போகிறவர் ஒரு மணி நேரம் பேச வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு பெரியவர்கள் பக்கத்து அறைக்குப் போய் வந்து, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவிப்பார்கள். பொன்னாடை, போட்டோ, சாப்பாடு. முடிவு வருவதற்கு முன்பே பிரியாணிக்கு அரிசி ஊறியிருக்கும். பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம் என்று விதி இருப்பதால் அதற்கும் ஏற்பாடு உண்டு. நானே ஒரு கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதி, எனக்கு அடுத்துச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஐயம்பெருமாளிடம் கொடுத்திருந்தேன். அவர் எழுந்து கேட்பார். நான் அதை இப்போதுதான் கேள்விப்படுவதுபோலக் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லுவேன்.

இவ்வளவு பத்திரமான ஒரு பரீட்சையை நினைத்து நான் சில வாரங்களாகச் சோறு இறங்காமல் திரிந்தேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் என் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும்.

பகலில் நான் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மிச்ச நேரத்தில் இருண்ட ஆற்றலைப் பற்றி ஆராய்ச்சி. பெயரைக் கேட்டதும் இது ஜின் விவகாரம் என்று பயந்து, என் மாமியார் ஆபிதா பீவி ஆரம்பத்தில் எனக்கு ஓதி ஊதிவிட்டார். விஷயம் இதுதான். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது. விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. எல்லாவற்றுக்கும் ஈர்ப்பு உண்டு என்பதால் இந்த விலகல் நாள்பட நாள்படத் தளரும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். வெகு தொலைவில் வெடித்த விண்மீன்களின் ஒளியை அளந்து பார்த்தபோதுதான் அது தளரவில்லை, வேகம் பிடிக்கிறது என்று தெரிந்தது. இதெல்லாம் முப்பது வருஷத்துக்குள் நடந்த கதை. எது பிடித்துத் தள்ளுகிறது என்று தெரியவில்லை. தெரியாத அந்த ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரபஞ்சத்தில் உள்ளதையெல்லாம் கூட்டினால் நூற்றுக்கு எழுபது பங்கு அதுதானாம். இவ்வளவு பெரிய ஒன்றைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்குப் படிப்பு ஏறும்.

மதார் அப்போது சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுப் போன் செய்வார். வீடியோவில் பேசினால் அவர் இருக்கும் இடத்தில் நாலு வார்த்தைக்கு ஒருமுறை படம் நின்றுவிடும், அதனால் குரல் மட்டும்தான். மற்ற வீடுகளில் என்ன பேசுவார்களோ, நான் அந்த வாரம் படித்ததைச் சொல்லுவேன். யாரிடமாவது சொன்னால்தான் எனக்கே புரியும். அவருக்கும் அது பிடித்துப்போனது.

இருண்ட ஆற்றலுக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் மூன்று முக்கியமானவை. அந்த மூன்றுக்கும் மதார் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார். முதலாவது, வெற்றிடத்துக்கே ஓர் ஆற்றல் இருக்கிறது, அது எங்கேயும் எப்போதும் ஒரே அளவு, இடம் பெருகப் பெருகவும் நீர்த்துப் போகாது என்பது. அதற்கு அவர் வைத்த பெயர் அசையாதவன். இரண்டாவது, எங்கும் பரவிய ஒரு புலம் மெதுவாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் அதன் பலம் காலத்தோடு மாறும் என்பது. அது பைய உருளுதவன். மூன்றாவது கட்சி, அப்படி ஒரு பொருளே கிடையாது, நெடுந்தூரத்தில் ஈர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதையே நாம் தப்பாக எழுதி வைத்திருக்கிறோம் என்கிறது. அதற்கு, கணக்குலதான் கோளாறு. அசையாதவனுக்கும் ஒரு மானக்கேடு உண்டு. வெற்றிடத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால், அளந்து கண்டதைவிட ஒன்று போட்டு நூற்றிருபது பூஜ்ஜியம் மடங்கு கூடுதலாக வருகிறது. அதைச் சொன்ன வெள்ளிக்கிழமை மதார் வெகுநேரம் சிரித்தார். இப்படிக் கணக்குப் போடுகிறவனை எங்கள் கம்பெனியில் கேட்டுக்கு உள்ளேயே விடமாட்டார்கள் என்றார்.

எத்தனை சொன்னாலும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார். "எல்லாம் வெலகிப் போவுதுன்னா, சேந்து இருக்கதும் பிரிஞ்சிருமாளா?" பிரியாது என்பேன். ஈர்ப்பு கட்டிப் பிடித்திருக்கும் எதையும் இந்த விரிவு ஒன்றும் செய்யாது. பூமி பிரியாது, சூரியக் குடும்பம் பிரியாது, நம் பால்வீதி பிரியாது, தம்மாமுக்கும் மேலப்பாளையத்துக்கும் உள்ள தூரம் ஓர் அங்குலம்கூடக் கூடாது. "அப்ப சரி" என்பார். போன் கட்டாகிவிடும். ஒவ்வொரு வாரமும் இதையே கேட்டால் மனுஷிக்குக் கோபம் வராதா? நானும் திட்டுவேன். அவர் கேட்பது வானத்தைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். திட்டாமல் இருந்தால் அழுகை வந்துவிடும், அதனால் திட்டினேன்.

மூன்றில் எனக்கு அசையாதவனைத்தான் பிடித்திருந்தது. ஆராய்ச்சி செய்கிறவளுக்குப் பிடித்தம் இருக்கக் கூடாது, ஆனால் இருந்தது. மூன்று விளக்கங்களையும் பிரித்துப் பார்க்க ஓர் எண் உண்டு, w என்று எழுதுவோம். அது மைனஸ் ஒன்றாகவே நின்றால் அசையாதவன் ஜெயித்தான். அதைவிட்டு நகர்ந்தாலோ காலத்தோடு மாறினாலோ மற்றவர்களுக்கு வழி திறக்கும். கையில் கிடைத்த தரவுகளையெல்லாம் போட்டு நான் வருஷக்கணக்கில் அலசியதில் மைனஸ் ஒன்று வந்தது. காலத்தோடு மாறும் எதுவும் தேவையில்லை என்று இந்த ஆய்வு நிறுவுகிறது என்று கடைசி அத்தியாயத்தை முடித்தேன். அதை எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று மதார் போன் செய்து, இத்தனை வருஷ ஆராய்ச்சியின் முடிவை ஒரே வரியில் எழுதி அனுப்பச் சொன்னார். ஒரு தாளில் பெரிதாக w = −1 என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். மாஷா அல்லாஹ் என்றவர், கூட இருந்த டிரைவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினாராம்.

ஆய்வேடு தேர்வாளர்களின் மேசையில் கிடந்த காலத்தில் புதுத் தரவு வந்தது. அமெரிக்காவில் ஒரு மலைமேல் உள்ள தொலைநோக்கி லட்சக்கணக்கான விண்மீன் கூட்டங்களின் தூரத்தை அளந்திருந்தது. இருண்ட ஆற்றல் காலத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறதோ என்று அதில் ஒரு சந்தேகம் தட்டியது. நான் அசையவில்லை. ஒரு வருஷம் கழித்து இன்னும் பெரிய தரவு வந்தது. சந்தேகம் குறையவில்லை, வலுத்திருந்தது. நிரூபணம் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் நிறுவுகிறது என்று நான் எழுதிய வார்த்தை எனக்கே உறுத்தியது.

என் வழிகாட்டி சுவிசேஷமுத்து சாரிடம் போய்ச் சொன்னேன். பாளையங்கோட்டைக்காரர், அதிர்ந்து பேசமாட்டார், ஓய்வுபெறக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவருடைய கடைசி மாணவி நான். சமர்ப்பித்த அன்று உலகத்தில் என்ன தரவு இருந்ததோ அதை வைத்துத்தான் எழுதியிருக்கிறாய், அதில் ஒரு குற்றமும் இல்லை என்றார். "கேட்டாச் சொல்லும்மா. கேக்காத கதவ நாம எதுக்குத் தட்டணும்?" தேர்வாளர் முகம் சுளித்தால் திருத்தி எழுது, மறுபடி வா என்று சொல்லிவிடலாம், அதற்குள் தான் ஓய்வுபெற்றுவிடுவோம் என்ற கவலை அவருக்கு. அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மதாரிடம் நான் சொல்லவே இல்லை. இரண்டாம் தரவு வந்தபோது அவர் தம்மாமில்தான் இருந்தார். பிறகு ஒரேயடியாக ஊருக்கு வந்து, வண்ணார்பேட்டையில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை போட்டார். வந்த பிறகும் சொல்லவில்லை. பதினோரு வருஷம் வெயிலில் டிரெய்லர் ஓட்டி என்னைப் படிக்கவைத்த மனுஷனிடம், நீங்கள் எல்லாருக்கும் காட்டிய அந்த வரி ஒருவேளை தப்பு என்று எந்த வாயால் சொல்ல?

தேர்வு நாள் காலையில் நான் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் வாசலைப் பார்த்து, அந்தப் பாயை வேனில் ஏற்றியாயிற்றா என்று குரல் கொடுத்தார். என்ன பாய் மாமி என்றேன். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன செய்ய, நான் விடவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பத்தமடையில் பட்டுப்பாய் நெய்யக் கொடுக்கும்போது மாப்பிள்ளை பெண் பெயரையும் சேர்த்து நெய்யச் சொல்வது வழக்கம். எங்கள் பாயிலும் மதார், ஸமீஹா என்று இருக்கிறது. அதேமாதிரி என் ஆராய்ச்சியின் விடையைப் பாயில் நெய்து, தேர்வு அன்று வெளியூர்ப் பேராசிரியருக்குக் கொடுக்க வேண்டும் என்று மதார் மனசுக்குள் நிய்யத்து வைத்திருந்தாராம். நான் ஆய்வேட்டைக் கொடுத்த வாரமே தம்மாமிலிருந்து பத்தமடையில் பாய் நெய்யும் முஃபீதாவுக்குப் போன் செய்து, தேர்வுக்கு நாள் கிடக்கிறது, பைய நெய்தால் போதும் என்று சொல்லி, நான் எழுதி அனுப்பிய படத்தையும் அனுப்பிவிட்டார். "ஒனக்குத் தெரிய வேண்டாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான், புள்ள" என்றார் மாமியார்.

வாசலுக்கு ஓடினேன். மதார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேன் பக்கத்தில் நின்றார். கையில், வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்த நீளமான உருளை. இதைக் கொண்டுவராதீர்கள் மச்சான் என்றேன். ஏன் என்று கேட்டார். ஏன் என்று சொல்ல எனக்கு அங்கே இடமில்லை, வேன் நிறைய ஆள். பரிசு கொடுத்தால் பேராசிரியர் தப்பாக நினைப்பார் என்று எதையோ உளறினேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "வேண்டாம்னு அவுஹ சொன்னா திருப்பிக் கொண்டாந்துருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். நான் அழாமல் இருப்பதற்காக வேன்காரர் மேல் எரிந்து விழுந்தேன்.

கருத்தரங்கக் கூடம் நிறைந்திருந்தது, பாதிக்கு மேல் என் வீட்டுக் கூட்டம். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பெயர் சொர்ணாம்பாள். வேலை பார்ப்பது வடக்கே, பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். மெல்லிய ஆள், குரலும் மெல்லியது, ஆனால் என் ஆய்வேட்டில் அத்தனை இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார். நான் ஆங்கிலத்தில் பேசினேன். மாமியார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். என் மகள் தஸ்மியா எல்லாவற்றையும் போனில் பிடித்தாள். மதார் மூன்றாம் வரிசையில், பாயை முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தார். திரையில் மைனஸ் ஒன்று வந்தபோது மட்டும் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் விரலால் காட்டினார்.

கடைசித் திரையில் நன்றி என்று இருந்தது. சுவிசேஷமுத்து சார் கைதட்டத் தயாராகிவிட்டார். அத்துடன் நான் இறங்கியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அல்லது கேட்டிருப்பார்கள், எனக்குத் தெரியாது. மதாரின் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுஷனை ஏமாற்றி அவர் கண்முன்னால் ஒரு பட்டத்தை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது.

"இனிமேல் சொல்வதைத் தமிழில் சொல்கிறேன்" என்றேன். "என் வீட்டில் ஒருவரிடம் இதை நான் இதுவரை சொல்லவில்லை. அவருக்கும் புரிய வேண்டும்."

சொன்னேன். புதுத் தரவு என்ன காட்டுகிறது, அதில் எவ்வளவு உறுதி, எவ்வளவு இல்லை, அது நிலைத்தால் அசையாதவன் தோற்றுப் பைய உருளுதவன் ஜெயிப்பான் என்பது வரை சொன்னேன். மதார் வைத்த பெயர்கள் அப்படியே வாயில் வந்துவிட்டன. கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நான் எழுதிய விடை நிற்கலாம், நிற்காமலும் போகலாம், அதை நிறுவிவிட்டதாக நான் எழுதியிருக்கக் கூடாது என்று முடித்தேன். மூன்றாம் வரிசைப் பக்கம் நான் திரும்பவில்லை.

சுவிசேஷமுத்து சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். சொர்ணாம்பாள் ஒரு மஞ்சள் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். உங்கள் கணக்கு தப்பா என்று கேட்டார். கணக்கு தப்பில்லை, வார்த்தைதான் பெரிது என்றேன். அறிக்கை வந்த பிறகாவது இதைச் சேர்த்திருக்கலாமே என்றார். சேர்த்திருக்கலாம் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று துறைத்தலைவர் அறிவித்தார். ஐயம்பெருமாள் எழுந்து துண்டுச்சீட்டைப் பார்த்தார். மைனஸ் ஒன்றுதான் சரியான விடை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்பது நான் எழுதிக் கொடுத்த கேள்வி. அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எல்லாம் விளங்கிவிட்டது மேடம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அப்போது மதார் கையைத் தூக்கினார். துறைத்தலைவர் தயங்கினார். பொதுமக்கள் கேட்கலாம் என்றுதானே விதி என்று சொர்ணாம்பாள் சொன்னார். மதார் பாயைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"அது தளருதுன்னு வச்சுக்கிட்டா, சேந்து இருக்கது பிரிஞ்சிருமா?"

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வரவில்லை. ஒருபோதும் பிரியாது என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் சற்று முன்புதான் பெரிய வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டிருந்தேன். அந்த எண் மைனஸ் ஒன்றுக்கும் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், தள்ளுகிற பலம் ஏறிக்கொண்டே போய், கட்டி இருப்பதையும் ஒருநாள் பிய்த்துவிடும் என்று ஒரு விளக்கம் உண்டு என்றேன். புதுத் தரவு அந்தப் பக்கம் போகவில்லை. தளர்ந்தால் பிரிவதற்கு இன்னும் காரணம் குறைவு. இன்றைக்கு நமக்குத் தெரிந்தவரை, சேர்ந்திருப்பது பிரியாது என்றேன். மதார் தலையை ஆட்டினார். வழக்கமாகச் சொல்லும் அப்ப சரி வரவில்லை. பெரியவரிடமிருந்து பாயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர்கள் பக்கத்து அறைக்குப் போனார்கள். சீக்கிரம் வருவார்கள் என்று பார்த்தால் வரவில்லை. நடையில் வைத்திருந்த பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. மாமியார் தஸ்பீஹை முதலிலிருந்து உருட்ட ஆரம்பித்தார். கடைசியில் வந்தார்கள். கடைசி அத்தியாயத்தில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, புதுத் தரவைப் பற்றி இன்று சொன்னதை எழுதிச் சேர்க்க வேண்டும், அதற்கு உட்பட்டுப் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று சொர்ணாம்பாள் வாசித்தார். சுவிசேஷமுத்து சார் கண்ணை மூடி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தார். எனக்குப் பட்டம் கிடைத்த சந்தோஷத்தை அனுபவிக்க நேரமில்லை. மதார் பாயோடு முன்னால் வந்துகொண்டிருந்தார்.

விரிக்காதீர்கள் மச்சான் என்று சட்டையைப் பிடித்தேன். அவர் பாட்டுக்குத் தையலைப் பிரித்தார். நான் பரிசு எதுவும் வாங்குவதில்லை என்றார் சொர்ணாம்பாள். "வாங்க வேண்டாம்மா. பாத்தாப் போதும்" என்று மேசைமேல் உருட்டி விரித்தார்.

பட்டுப்பாய் மேசையின் இரண்டு பக்கமும் துணியைப் போலத் தழைந்து விழுந்தது. சிவப்புக் கரை. நடுவில், நான் தாளில் எழுதிய என் கையெழுத்திலேயே, w என்று இருந்தது. அதன் பக்கத்தில் சமக்குறி. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை. மைனஸும் இல்லை, ஒன்றும் இல்லை. கரை வரைக்கும் வெறும் கோரை. மடிந்து கிடக்கிறதோ என்று நான் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

"முஃபீதா அக்கா மிச்சத்தயும் ஏத்தத்தான் பாத்தா" என்றார் மதார், பேராசிரியரைப் பார்த்து. "நாந்தான் போன் போட்டு, சமத்தோட நிறுத்திக்கிடுங்கன்னேன்."

சொர்ணாம்பாள் மேசைமேல் குனிந்தார். வெறுமையாக இருந்த பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, அதை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று மதாரிடம் அனுமதி கேட்டார். வகுப்பில் காட்டுவாராம். அதன்பின் எல்லாருமாக ஆறிய பிரியாணியைச் சாப்பிட்டோம். சுவிசேஷமுத்து சார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பி, வேனில் வந்தவர்களெல்லாம் கலைந்து போக சாயங்காலமாகிவிட்டது. மதார் மச்சு அறையில் அந்தப் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுச் சண்டைக்குப் போனேன். எப்போது தெரியும், யூடியூபில் பார்த்தீர்களா, தெரிந்துகொண்டே காலையில் ஏன் அப்படி நின்றீர்கள், நான் எப்படித் தவித்தேன் தெரியுமா என்று ஒரே மூச்சில் கேட்டேன். அவர் யூடியூபில் பார்க்கவில்லையாம். புதுத் தரவு என்று ஒன்று வந்ததே இன்றைக்கு நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியுமாம்.

"ஒரு வெள்ளிக்கெழம போன்ல, தஸ்மியாவுக்கு இருமல்ன்ன. உம்மாவுக்கு ஊசி போட்டாச்சுன்ன. வானத்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல. அடுத்த வாரமும் இல்ல. என்னமோ ஆயிட்டு, வெட அசைஞ்சிட்டுன்னு அப்பவே முஃபீதா அக்காவுக்குப் போன் போட்டுட்டேன்."

அதை வைத்து எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"பதினோரு வருசம் ஒன் மொகத்தயா பாத்தேன்? கொரலத்தானளா பாத்தேன். நீ சொல்லாம விட்டது எனக்குக் கேக்காதா?"

நான் அழுதேன். இந்தமுறை யாரையும் திட்டி அதை அடக்க முயலவில்லை. அழுது முடித்துவிட்டு, சமக்குறிக்கு அப்புறம் நெய்யாமல் விட்டிருந்த இடத்தில் தலையை வைத்துப் படுத்தேன். கோரை குளுகுளுவென்றிருந்தது. அவர் கொஞ்சநேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப, பிரியாது."

"இன்னைக்குத் தெரிஞ்சவரைக்கும் பிரியாது மச்சான்."

"அப்ப சரி" என்றார். பதினோரு வருஷமாக அந்த வார்த்தைக்கு அப்புறம் போன் கட்டாகிவிடும். பழக்கத்தில் நானும் அதற்காகக் காத்திருந்தேன். அவர் கை என் தலையில் இருந்தபடியே இருந்தது.